மேல்கோர்ட்டுக்கும் மேலே

எங்கள் ஊர்ப் பக்கம் வழக்கில் தோற்றவரிடம் யாரும் "முடிஞ்சு போச்சா?" என்று கேட்பதில்லை. "மேல போறீகளா?" என்றுதான் கேட்பார்கள். இடைசெவலில் ஒரு வரப்புத் தகராறு வந்தால் அது கோவில்பட்டி முன்சீப் கோர்ட்டில் தொடங்கும். அப்பீலில் சப் கோர்ட்டுக்குப் போகும். அதற்கும் மேலே ஹைகோர்ட். 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறக்கப்படும்வரை ஹைகோர்ட் என்றால் ராத்திரி ரயிலேறி மெட்ராஸ் போக வேண்டும். அதற்கு மேலே டெல்லி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், போனவர்கள் குறைவு. நாங்கள் வானம் பார்த்த பூமிக்காரர்கள். மழைக்கும் அண்ணாந்து பார்ப்போம், நீதிக்கும் அண்ணாந்துதான் பார்ப்போம்.

ஆனால் இதே ஊரில் இன்னொரு பேச்சும் உண்டு. "ஜெயிச்சது பெரிசில்லப்பா. அமீனா வரணும்." தீர்ப்பு வாங்குவது ஒரு வழக்கு, அதை நிறைவேற்ற வைப்பது இன்னொரு வழக்கு. டிகிரி நகலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, எதிராளி அதே நிலத்தில் உளுந்து விதைப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு பேச்சையும் சேர்த்து வைத்தால் ஒரு பழைய சட்டக் கேள்வி கிடைக்கிறது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கும் மேலே ஒரு மன்றம் இருந்தால், அதன் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வரும் அமீனா யார்?

2009க்குப் பிறகு வளர்ந்த தமிழ்த் தலைமுறைக்கு இது படிப்பறைக் கேள்வி இல்லை. முள்ளிவாய்க்கால் முடிந்த நாளிலிருந்து ஒவ்வொரு மார்ச் மாதமும் நாம் ஜெனிவாவைப் பார்க்கிறோம். சர்வதேச விசாரணை, சர்வதேச நீதிபதிகள் என்று கோஷமும் போட்டிருக்கிறோம். அந்தச் சொற்களுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் சில பழைய வழக்குகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குச் சட்டப் படிப்பு கிடையாது. படித்தது இன்ஜினியரிங், பார்ப்பது மென்பொருள் வேலை. ஆனால் தீர்ப்புகள் வாசிக்கக் கூடியவை. பல நேரம் கதையைவிட வேகமாக வாசிக்க முடிகிறது.

பக்கத்திலிருந்தே தொடங்கலாம். கரிசலின் கிழக்குப் பக்கம் கமுதி. 1897இல் அங்கே மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோவில் ராமநாதபுரம் ஜமீனின் பொறுப்பில் இருந்தது. பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். 1899இல், சிவகாசிக் கலவரம் நடந்த அதே ஆண்டில், மதுரை சப் கோர்ட் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சென்னை ஹைகோர்ட்டும் அதையே சொன்னது. அவர்கள் விடவில்லை. கடல் தாண்டி லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனார்கள். 1908இல் அங்கே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பிரபுக்கள் சொன்னதும் அதுதான்: வழக்கம் இப்படி இருந்திருக்கிறது, ஆகவே உள்ளே போக உரிமை இல்லை.

இந்த வழக்கிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டேன். மேலே போகப் போக நீதி தெளிந்துகொண்டே வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. லண்டன் நீதிபதிக்குக் கமுதியில் உறவும் இல்லை, பகையும் இல்லை. ஆனால் அவர் முன்னால் இருந்தது மதுரையில் எழுதப்பட்ட சாட்சியம். கீழே எது வழக்கம் என்று பதிவானதோ அதைத்தான் மேலே படித்தார்கள். கடைசியில் கதவு திறந்தது லண்டனால் இல்லை. வைத்தியநாத ஐயர் 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் தலித்துகளையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு போனார். அந்த ஆண்டே சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது.

இரண்டாவது விஷயம், அந்தத் தீர்ப்பு நிறைவேறியது. லண்டனுக்கும் மதுரைக்கும் நடுவே இருந்தது ஒரே ஆட்சி, ஒரே போலீஸ். பிரிவி கவுன்சிலின் அமீனா கோர்ட் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

இந்தியா 1949 அக்டோபரில் லண்டன் அப்பீலை வெட்டிவிட்டது. இலங்கை வெட்டவில்லை. 1948இல் சுதந்திரம் வாங்கிய பிறகும் 23 ஆண்டுகள் கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்கு மேலே பிரிவி கவுன்சில் இருந்தது. அந்த இடைவெளியில் ஏறிப் போனது கோடீஸ்வரன் வழக்கு.

1956இல் பண்டாரநாயக்க அரசு சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டது நமக்குத் தெரியும். அந்தச் சட்டம் ஒரு தனி மனிதரின் சம்பளச் சீட்டில் எப்படி வந்து இறங்கியது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கோடீஸ்வரன் அரசு எழுத்தர். ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டும், எழுதித் தேறாவிட்டால் ஊதிய உயர்வு கிடையாது என்று 1961இல் திறைசேரி சுற்றறிக்கை விட்டது. 1962 ஏப்ரலில் அவருக்கு வரவேண்டிய உயர்வு வரவில்லை. அவர் அரசாங்கத்தின் மேல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டம் செய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. சிங்களம் மட்டும் சட்டம் அந்தப் பிரிவை மீறுகிறது என்பதுதான் அவர் வாதம்.

1964இல் மாவட்ட நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். சட்டம் செல்லாது என்றார்.

அரசு மேலே போனது. 1967இல் உச்ச நீதிமன்றம் மொழிப் பிரச்சினையைத் தொடவே இல்லை. அரசு ஊழியருக்குச் சம்பளத்துக்காக முடியரசின் மேல் வழக்குப் போடும் உரிமையே கிடையாது, எனவே மற்ற கேள்வி எழவில்லை என்று சொல்லி முடித்தது. கோடீஸ்வரன் லண்டனுக்குப் போனார். 1969 டிசம்பரில் பிரிவி கவுன்சில், ஊழியர் வழக்குப் போடலாம் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்கு இலங்கை உச்ச நீதிமன்றமே முதலில் பதில் சொல்லட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது.

மேல் மன்றம் கீழ் மன்றத்தை மதித்து, உன் நாட்டுக் கேள்வி இது, நீ சொல், பிறகு நான் பார்க்கிறேன் என்று சொன்ன இடம் அது. பதில் வரவில்லை. 1971இல் இலங்கை லண்டனுக்கான அப்பீலை ஒழித்தது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. சிங்களம் அரசியலமைப்பிலேயே ஆட்சிமொழியாக ஏறியது, 29ஆம் பிரிவு காணாமல் போனது. அதன் பிறகு அந்த வழக்கை யாரும் எடுத்துக் கேட்கவில்லை.

அந்நிய நாட்டு நீதிபதிகளுக்கு நம் சட்டத்தின் மேல் என்ன உரிமை என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்தியா அந்த நியாயத்தோடுதான் 1949இல் வெட்டியது. ஆனால் இலங்கையில் அந்த வெட்டு விழுந்தபோது, ஏணியில் பாதி தூரம் ஏறிய ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த ஏணி ஐ.நா.வினுடையது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. இந்தியா 1979இலும் இலங்கை 1980இலும் அதில் சேர்ந்தன. நாடுகள் இதைக் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்க்க ஐ.நா. மனித உரிமைக் குழு இருக்கிறது. மார்ச் மாதச் செய்திகளில் வரும் மனித உரிமைப் பேரவை வேறு. பேரவையில் உட்கார்ந்திருப்பது அரசாங்கங்கள். குழுவில் இருப்பது 18 தனி வல்லுநர்கள். உடன்படிக்கையோடு ஒட்டிய ஒரு கூடுதல் ஒப்பந்தத்தில் ஒரு நாடு சேர்ந்தால், அந்த நாட்டுக் குடிமகன் உள்ளூர் கோர்ட் எல்லாம் முடிந்த பிறகு நேரடியாக இந்தக் குழுவிடம் முறையிடலாம். குழு நீதிமன்றம் இல்லை. அது சொல்வதற்குத் தீர்ப்பு என்று பெயரும் இல்லை, கருத்து என்றுதான் பெயர். ஆனாலும் தனி மனிதர் தன் அரசாங்கத்தை எதிர்த்துத் தன் நாட்டுக்கு மேலே போய் நிற்க முடிகிற அபூர்வமான இடம் அது. இந்தியா இன்றுவரை அந்தக் கூடுதல் ஒப்பந்தத்தில் சேரவில்லை. இடைசெவல்காரருக்கு ஏணி டெல்லியோடு முடிகிறது. இலங்கை 1997 அக்டோபரில், சந்திரிகா ஜனாதிபதியாக இருந்தபோது, சேர்ந்தது.

அந்த வழியாகப் போனவர்களில் ஒருவர் நல்லரத்தினம் சிங்கராசா. 1993 ஜூலையில் மட்டக்களப்புப் பகுதியில் நடந்த சுற்றிவளைப்பில் பிடிபட்டவர். ராணுவ முகாம்கள் மேல் நடந்த தாக்குதல்களில் பங்கெடுத்தார் என்று குற்றச்சாட்டு. சாட்சி என்று இருந்தது ஒரு வாக்குமூலம். அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. மொழிபெயர்த்தவர் போலீஸ்காரர். கீழே அவர் வைத்தது பெருவிரல் ரேகை. அடித்து வாங்கினார்கள் என்று அவர் கோர்ட்டில் சொன்னார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி, வாக்குமூலம் வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு. பூட்டிய அறைக்குள் அடி வாங்கியவர், அடித்தவர்களை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பார்? 1995இல் 50 ஆண்டு சிறைத்தண்டனை. மேன்முறையீட்டில் 1999இல் அது 35 ஆனது. 2000 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது.

அதற்கும் மேலே அவர் போனார். 2004 ஜூலை 21 அன்று மனித உரிமைக் குழு கருத்தை வெளியிட்டது. மதுரையில் நமக்கு ஹைகோர்ட் கிளை திறந்ததற்கு மூன்று நாள் முன்னால். சுயேச்சையான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாக்குமூலம் வாங்கியதும், நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் வைத்ததும் நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறுகின்றன. அவரை விடுதலை செய்வது அல்லது மறுபடி விசாரிப்பது, இழப்பீடு என்று தகுந்த பரிகாரம் தர வேண்டும் என்றது.

சிங்கராசா அந்தத் தாளோடு மறுபடி கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். ஊர் பாஷையில் சொன்னால், மேல்கோர்ட் டிகிரியோடு நிறைவேற்று மனு போட வந்தார். 2006 செப்டம்பர் 15 அன்று தலைமை நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு அந்த மனுவைத் தள்ளியது. தள்ளியதோடு நிற்கவில்லை. 1997இல் ஜனாதிபதி கூடுதல் ஒப்பந்தத்தில் சேர்ந்ததே இலங்கை அரசியலமைப்புக்கு முரண் என்றது. நீதி வழங்கும் அதிகாரம் மக்களின் இறைமையில் ஒரு பகுதி. நாடாளுமன்றம் சட்டம் செய்யாமல் அதை ஒரு வெளிக் குழுவிடம் கொடுக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்லை என்றது. கோடீஸ்வரன் ஏறிக்கொண்டிருந்தபோது ஏணியை எடுத்தார்கள். சிங்கராசா ஏறி இறங்கிய பிறகு, அங்கே ஏணியே இருந்ததில்லை என்றார்கள்.

சில்வாவின் வாதத்தை வெறும் இனவாதம் என்று ஒதுக்கிவிட்டுப் போனால் நமக்கு எதுவும் புரியாது. ஒரு தலைவர் வெளிநாட்டில் போட்டு வரும் கையெழுத்து நாடாளுமன்றத்தைக் கேட்காமல் உள்நாட்டுச் சட்டமாகிவிடக் கூடாது என்பது ஜனநாயக வாதம்தான். வணிக ஒப்பந்தங்களை எதிர்க்கும்போது நாமும் அதைச் சொல்கிறோம். சர்வதேச உடன்படிக்கையும் உள்நாட்டுச் சட்டமும் வேறு வேறு என்ற கோட்பாடு இந்தியாவுக்கும் பொது. சிக்கல் கோட்பாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நீதிபதி என்ன செய்யலாம் என்பதற்கு நம் பக்கமே ஒரு உதாரணம் இருக்கிறது.

கடன் வாங்காத கரிசல்காரர் இல்லை. கடனுக்காக ஜப்தி வரும், ஜப்தி செய்யவும் ஒன்றும் இல்லாவிட்டால் சிவில் ஜெயில் என்று பயமுறுத்துவார்கள். 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் என்பவரின் வழக்கு டெல்லி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கேரளத்தைச் சேர்ந்தவர், ஒரு வங்கிக்குக் கடன் பாக்கி. டிகிரி இருக்கிறது, கட்ட முடியவில்லை, கைது வாரண்ட். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதே சர்வதேச உடன்படிக்கையை எடுத்தார். ஒப்பந்தக் கடனைத் தீர்க்க முடியாத ஒரே காரணத்துக்காக யாரையும் சிறையில் வைக்கக் கூடாது என்று அதன் 11ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா அதில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவும் இல்லை. உடன்படிக்கை நேரடியாக இந்தியச் சட்டம் ஆகாது என்று கிருஷ்ணய்யரும் ஒப்புக்கொண்டார். அதாவது பின்னாளில் சில்வா சொன்னதையே சொன்னார். ஆனால் அங்கிருந்து அவர் போன திசை வேறு. இருக்கிற சிவில் நடைமுறைச் சட்டத்தை அந்த உடன்படிக்கையோடும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவோடும் சேர்த்து வாசித்தார். வசதி இருந்தும் ஏமாற்றுகிறவனை உள்ளே வைக்கலாம், வெறுமனே இல்லாதவனை வைக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

ஜெனிவாவிலிருந்து யாரும் வரவில்லை. உத்தரவு இல்லை, கண்டனம் இல்லை. மேலே எழுதியிருந்த ஒரு வரியை ஒரு உள்நாட்டு நீதிபதி குனிந்து எடுத்துத் தன் சட்டப் புத்தகத்துக்குள் வைத்தார். 1997இல் விசாகா வழக்கிலும் இதுவே நடந்தது. வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிராக அன்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையையும் துணைக்கு வைத்து உச்ச நீதிமன்றம் வழிகாட்டு விதிகளை எழுதியது. நான் வேலை செய்யும் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் புகார்க் குழு அறிவிப்பின் வேர் அங்கே இருக்கிறது.

ஐரோப்பாவில் இதை ஒரு ஏற்பாடாகவே செய்துவிட்டார்கள். மிலான் நகரில் ஃப்ளாமினியோ கோஸ்டா என்ற வக்கீல் கரண்ட் பில் கட்ட மறுத்தார். இத்தாலி மின்சாரத்தைத் தேசியமயமாக்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. பில் 1,925 லிரா, அன்றைய மதிப்பில் சில்லறைக் காசு. வழக்கு ஒரு கடைநிலை நீதிபதியிடம் வந்தது. அவர், இது ஐரோப்பிய ஒப்பந்தத்துக்குப் பொருந்துமா என்று லக்சம்பர்க்கில் இருந்த ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு நேரடியாகக் கேள்வி அனுப்பினார். ஐரோப்பியச் சட்டமும் நாட்டுச் சட்டமும் மோதினால் ஐரோப்பியச் சட்டமே மேல் என்று 1964இல் அங்கிருந்து பதில் வந்தது. லக்சம்பர்க்கிடம் போலீஸ் இல்லை, ஜெயில் இல்லை. கேள்வி கேட்ட அந்தச் சின்ன நீதிபதியே அதன் அமீனா. தன் கோர்ட்டில், தன் பெயரில், தன் நாட்டுத் தீர்ப்பாக அவர் எழுதும்போது அரசாங்கம் அதை அந்நியத் தலையீடு என்று சொல்ல முடியாது. ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 1974இல் முறுக்கிக்கொண்டது. அடிப்படை உரிமைகளை நீங்கள் எங்கள் அளவுக்குப் பாதுகாக்காதவரை உங்கள் சட்டத்தை நாங்கள் சோதித்துப் பார்ப்போம் என்றது. அந்தச் சண்டைக்குப் பிறகு ஐரோப்பிய நீதிமன்றம் உரிமைகளைப் பற்றி இன்னும் கவனமாகப் பேச ஆரம்பித்தது. பேச்சுவார்த்தை அறுந்து போகவில்லை.

என் தொழிலில் இது பழகிய விஷயம். இணையத்துக்கான தரநிலைகளை எழுதும் குழுக்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அவர்கள் ஆவணம் வெளியிடுவார்கள். பிரவுசர் எழுதுகிறவர்கள் அதை எடுத்துச் செயல்படுத்தினால் அது விதி, இல்லாவிட்டால் அழகாக எழுதிய தாள். ஒரு வித்தியாசம்தான். பிரவுசர் சரியாக வரவில்லை என்றால் ஆள் வேறு பிரவுசருக்குப் போய்விடலாம். சிறையில் இருப்பவர் வேறு நாட்டுக்குப் போக முடியாது.

சிங்கராசா தீர்ப்புக்குப் பிறகு இலங்கை சும்மா இருக்கவில்லை. ஆடை ஏற்றுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை வேண்டுமென்றால் மனித உரிமை உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்த வேண்டும். 2007இல் நாடாளுமன்றம் அந்த உடன்படிக்கையின் பெயராலேயே ஒரு சட்டம் போட்டது. குழுவிடம் முறையிடும் வழி அதில் சேரவில்லை. போதாது என்று 2010இல் சலுகையை ஐரோப்பா நிறுத்தியது, 2017இல் திருப்பிக் கொடுத்தது. கோர்ட் அமீனா போக முடியாத இடத்துக்குச் சுங்க வரி கொஞ்ச தூரம் போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சட்டம் பிறகு என்ன வேலை பார்த்தது என்பதை எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மத வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிரான ஒரு பிரிவு அதில் உண்டு. 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் அந்தப் பிரிவின் கீழ் கைதானார். செய்த குற்றம், ஃபேஸ்புக்கில் ஒரு சிறுகதை போட்டது. பௌத்த பிக்குகள் புகார் கொடுத்திருந்தார்கள். ஜாமீனில் வெளியே வர ஆகஸ்ட் ஆனது. மனித உரிமைகளுக்கான உலக உடன்படிக்கையின் பெயர் கொண்ட சட்டம், ஒரு கதைக்காக ஒருவரை நாலு மாதம் உள்ளே வைத்தது. மேலிருந்து வாசகம் வந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வாசகம் கீழே யார் கைக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்படியென்றால் ஜெனிவாவுக்குப் போவது வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்த 2004ஆம் ஆண்டுக் கருத்து இல்லையென்றால், சிங்களம் தெரியாத ஒருவரின் பெருவிரல் ரேகையை வைத்து 35 ஆண்டு கொடுத்தது தவறு என்று உலகத்தில் எந்த அதிகாரபூர்வமான தாளிலும் பதிவாகியிருக்காது. தோற்றாலும் பதிவு வேண்டும். 2015 அக்டோபரில் காமன்வெல்த் மற்றும் வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் நீதிப் பொறிமுறை பற்றிய ஜெனிவாத் தீர்மானத்துக்கு இலங்கையே துணை நின்றது, 2020இல் விலகிக்கொண்டது. துணை நின்ற ஆண்டுகளில் கீழே அதற்கான ஒரு கோர்ட்டும் எழும்பவில்லை. நாம் வருடா வருடம் தீர்மானத்தின் வாசகங்களில் எந்தச் சொல் பலவீனமானது என்று சண்டை போட்டோம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் வாக்குமூலப் பிரிவைப் பற்றி, அந்தப் பிரிவின் கீழ் எந்த மேல் நீதிமன்ற நீதிபதி என்ன தீர்ப்பு எழுதுகிறார் என்பதைப் பற்றி, தமிழ்நாட்டில் எத்தனை கட்டுரை வந்தது? நம்முடைய தடா சட்டத்திலும் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்றுதான் இருந்தது. அதைப் பற்றியும் நாம் அதிகம் பேசவில்லை.

கோடீஸ்வரன் வழக்கில் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவு வருவது லண்டன் இல்லை. சிங்களம் மட்டும் சட்டம் செல்லுமா என்ற கேள்வி அந்த வழக்கில் மூன்று மன்றங்களுக்குப் போனது. உச்ச நீதிமன்றம் அதைத் தொடவில்லை. பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்பியது. நேருக்கு நேர் பார்த்துப் பதில் எழுதியது 1964இல் கொழும்பில் உட்கார்ந்திருந்த மாவட்ட நீதிபதி ஒருவர் மட்டும்தான். அவருக்கு மேலே இரண்டு கோர்ட்டுகள் இருந்தன. இரண்டும் அவரைக் கேட்டிருக்கலாம்.